உங்களுக்குத் தெரியுமா? இரத்மலானையிலிருந்து சென்னைக்கு ஒரு டக்கோட்டா

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் தெகிவளை, கல்கிசை தாண்டி இரத்மலானை. கட்டுநாயக்கா வருமுன் இலங்கையின் சர்வதேச விமான நிலையம் இதுதான்.

1947 டிசம்பர் 10. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எயார் சிலோனின் முதல் சேவை அன்று இங்கிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குப் பறந்தது. விமானத்தின் பெயர் 'சீதாதேவி', டக்கோட்டா ரகம். அதன் மூன்றாவது சில்லு வாலின் அடியில் இருக்கும். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கு உயர்ந்து, வால் பணிந்திருக்கும். பின்கதவால் ஏறிய பயணி, சரிவான நடைவழியில் மேடேறித்தான் முன்னிருக்கைக்குப் போகவேண்டும். காற்றழுத்தம் பேணும் வசதி இல்லாததால் பறந்ததும் தாழ்வாகத்தான்.

போர்க்காலத்தில் ஏ9 வீதி மூடிக்கிடந்தபோது, யாழ்ப்பாணத்தவர் பலருக்கு ஊருக்குப் போய்வர இரத்மலானை–பலாலி விமானமே வழி. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். கடலடியில் சிதைவுகள் கிடைத்தது 2012இல்தான். மீட்கப்பட்ட உடைகளை உறவினர் அடையாளம் காண்பதற்காக 2014இல் யாழ்ப்பாணத்தில் வைத்தார்கள். இரத்மலானையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பயணிகளையும் சேர்த்தே பேசவேண்டும்.

2019 நவம்பரில் பலாலி–சென்னை சேவை மீண்டும் தொடங்கியது. 2022 மார்ச்சில் மாலைதீவிலிருந்து வந்த பயணிகள் விமானம் இரத்மலானையில் இறங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அங்கு வந்த முதல் சர்வதேசப் பயணிகள் சேவை அது.