அந்தவன் கல்
நடுகல், புலிமான்கோம்பை. ஏறத்தாழ கி.மு. 3–2ஆம் நூற்றாண்டு. தமிழி (தமிழ் பிராமி) எழுத்து.

வைகைப் படுகையில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த நடுகல் இது. தமிழகத்தில் எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

முதல் சொல் ‘கல்’. அதன் ‘க’ கூட்டல் குறி போல நிற்கும், தேடிப் பாருங்கள். கூடல் ஊரில் நடந்த ஆகோளில் இறந்த பேடு தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது இதன் பொருள். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல், அதாவது மாடுகளைக் கவர நடக்கும் சண்டை. வீரனின் உருவம் இதில் இல்லை. பெயரைப் பொறித்ததே போதும் என்று அவனுடைய மக்கள் எண்ணியிருக்க வேண்டும்.

பாட்டன் பெயர் என்ன, எந்த ஊர், எப்படி இறந்தார்? பழைய பத்திரங்களைப் புரட்டிக் குடும்ப வரலாறு தேடுபவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான். ஆளின் பெயரும், இறந்த ஊரும், இறந்த விதமும் இந்தக் கல்லின் சில சொற்களுக்குள் இருக்கின்றன.

முன்னோரின் பெயரையும் நினைவையும் காக்கும் வழக்கம் கல்லோடு நிற்கவில்லை. பாட்டன் பெயரைத் தாங்குவதால் பிள்ளையின் மகன் ‘பெயரன்’; பேச்சில் பேரன். சண்டையில் உயிர்விட்ட முன்னோரைப் ‘பட்டவன்’ என்று தென்மாவட்டக் குடும்பங்கள் சில இன்றும் கும்பிடுகின்றன.