குஞ்சு சோர்ந்து நிற்கிறதா? முதல் 24 மணி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை

நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும். காலையில் கூண்டைத் திறந்தால் நாலைந்து குஞ்சுகள் மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மூலையில் நிற்கும். தீவனத்தைத் தூவினாலும் ஓடி வராது. "சீக்கு வந்துருச்சோ?" என்ற பயம் உடனே வரும். பக்கத்து வீட்டில் ஒருவர் மாத்திரை சொல்வார், இன்னொருவர் மஞ்சள் தண்ணீர் கொடுக்கச் சொல்வார், வாட்ஸ்அப்பில் பத்து வைத்தியம் வரும்.

பதற வேண்டாம். சோர்ந்து நிற்கும் எல்லாக் குஞ்சுக்கும் நோய் இருப்பதில்லை. குளிர், பயணக் களைப்பு, தாகம், நெரிசல் ஆகியவையும் குஞ்சை இப்படித்தான் ஆக்கும். ஆனால் "தானா சரியாயிடும்" என்று இரண்டு நாள் விட்டுவிடவும் கூடாது. அதிர்ச்சியில் இருக்கும் குஞ்சுக்கு எதிர்ப்பு சக்தி குறையும். இன்று வெறும் களைப்பாக இருப்பது நாளை நோய்க்கு வழிவிடும். கொல்லையில் வளரும் முப்பது நாற்பது கோழிகள் பல வீடுகளில் பள்ளிக் கட்டணத்துக்கும் அவசரச் செலவுக்கும் கைகொடுக்கும் சேமிப்பு. அதைக் காப்பாற்ற முதல் 24 மணி நேரம் முக்கியம்.

முதல் வேலை: பிரித்து வையுங்கள்

சோர்ந்த குஞ்சுகளை உடனே தனியே எடுங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டி அல்லது தனிப் பஞ்சாரம் போதும். அடியில் உமி அல்லது பழைய சாக்கு விரியுங்கள். வழுக்கும் செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் விரிந்து முடமாகிவிடும்.

தண்ணீர்க் குவளை, தீவனத் தட்டு இரண்டும் தனியாக இருக்கட்டும். நலமாக உள்ள குஞ்சுகளுக்கு முதலில் தீவனம் வையுங்கள், சோர்ந்த குஞ்சுகளைக் கடைசியாகப் பாருங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வரிசை மாறினால் நோயை நாமே கையில் எடுத்துப்போய் மற்ற குஞ்சுகளுக்குக் கொடுத்தது போலாகிவிடும்.

அடுத்தது: சூடு

தாய்க்கோழி இல்லாமல் வளரும் குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு சுமார் 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை, குஞ்சுகளே சொல்லிவிடும்.

எல்லாக் குஞ்சும் பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கிக் கத்தினால், குளிர்கிறது என்று அர்த்தம். பல்பைவிட்டு விலகி ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரியான சூடு.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. சூட்டுக்குப் பழைய குண்டு பல்பு அல்லது அதற்கென உள்ள சூடேற்றும் பல்புதான் வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 50 குஞ்சுக்கு 100 வாட். பல்பு உமியில் படாமல், குஞ்சு எட்டாத உயரத்தில் உறுதியாகக் கட்டுங்கள். கரண்ட் போனால் சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். மூடிய அறையில் கரி நெருப்பு வைக்காதீர்கள், புகை குஞ்சையும் கொல்லும், உங்களுக்கும் ஆபத்து.

பிறகு தண்ணீர், தீவனம்

பயணம் செய்து வந்த குஞ்சுக்குப் பசியைவிடத் தாகம்தான் அதிகம். வந்தவுடன் சுத்தமான, ஜில்லென்று இல்லாத தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுங்கள். குடிக்கத் தெரியாத குஞ்சின் அலகு நுனியை மட்டும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டால் பழகிக்கொள்ளும். மூக்குத் துவாரம் முங்கக் கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வெல்லத் தண்ணீர் சில மணி நேரத்தில் புளித்துவிடும், மிச்சத்தைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் வையுங்கள். ஆழமான பாத்திரமாக இருந்தால் உள்ளே கூழாங்கல் போடுங்கள், குஞ்சு மூழ்காது.

தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு மக்காச்சோளக் குருணை அல்லது குஞ்சுத் தீவனம் கொஞ்சமாக வையுங்கள். உப்பு போட்ட மிச்சச் சோறு, ஊறுகாய், பூசணம் பிடித்த தானியம் ஆகியவை கூடவே கூடாது.

ஒரு மணி நேரம் கழித்துக் குஞ்சின் கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் அது சாப்பிட்டிருக்கிறது. சூடும் தண்ணீரும் கிடைத்து சில மணி நேரத்தில் கண் திறந்து மேய ஆரம்பித்தால் அது களைப்பாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் இரண்டு மூன்று நாள் தனியாகவே வைத்துப் பாருங்கள்.

எச்சத்தைப் பாருங்கள், மூச்சைக் கேளுங்கள்

தெளியவில்லை என்றால் அடுத்த கட்டம். பெட்டியில் ஒரு ஓரத்தில் வெள்ளைத்தாள் விரித்து எச்சத்தைக் கவனியுங்கள். பழுப்பு நிறத்தில், மேலே வெள்ளை படிந்த எச்சம் இயல்பானது. நாளில் ஓரிரு முறை களிபோல், கரும்பழுப்பாக வருவதும் இயல்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பின்புறத்தில் வெள்ளையாக ஒட்டி அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்து, நன்கு உலர்த்தி, சூட்டில் விடுங்கள். ஒரு குஞ்சுக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலும் குளிரும் பயணமும்தான் காரணம். முதல் இரண்டு மூன்று வாரத்துக் குஞ்சுகள் பலவற்றுக்கு இப்படி அடைத்து, சாவும் தொடர்ந்தால், முட்டை வழியாகத் தாயிடமிருந்து வரும் சால்மோனெல்லா கிருமியாக இருக்கலாம்.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். ஈரமான உமிதான் இதற்கு வீடு. உடனே ஈரத்தை அள்ளி அப்புறப்படுத்துங்கள். இதற்கு மருந்து உண்டு. சீக்கிரம் டாக்டரிடம் போனால் காப்பாற்றலாம், தாமதித்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இறக்கை இழுத்துக்கொள்வது ஆகியவை தெரிந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இராணிக்கெட் நோய் என்று சொல்வதும் இதைத்தான். எந்த வயதுக் கோழிக்கும் வரும். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி.

தும்மல், மூக்கில் சளி, இரவில் கொர் கொர் என்ற மூச்சு சத்தம் இருந்தால் சுவாசநோய். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கூண்டுக்குள் குனிந்து, குஞ்சின் மட்டத்தில் உங்கள் முகத்தை வைத்து மூச்சு விடுங்கள். உங்கள் கண் எரிந்தால் குஞ்சின் கண்ணும் நெஞ்சும் எரியத்தான் செய்யும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா அது. உமியை மாற்றி, காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

மாத்திரை போடும் முன் நில்லுங்கள்

"மனுஷனுக்குப் போடுற கேப்ஸ்யூலைப் பிரிச்சுத் தண்ணீல கலந்துட்டேன்" என்று சொல்வோர் நிறைய. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ரத்தக்கழிச்சலுக்கான மருந்து வேறு, சளிக்கான மருந்து வேறு. அளவு தப்பினால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். முட்டையிலும் இறைச்சியிலும் மிச்சம் தங்கி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே வந்து சேரும். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் கழித்து முட்டை, இறைச்சியைச் சாப்பிடலாம் என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சீரகம், கீழாநெல்லி போன்ற கைவைத்தியத்தைத் தெரிந்தவர் துணையோடு செய்யலாம். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது.

உங்கள் போனை இப்படிப் பயன்படுத்துங்கள்

டாக்டர் முன்னால் போனதும் குஞ்சு பயத்தில் விறைத்து நிற்கும், அறிகுறி சரியாகத் தெரியாது. அதனால் கூண்டில் இருக்கும்போதே 30 விநாடி வீடியோ எடுங்கள். மூச்சு சத்தம் கேட்க வேண்டும், நடை தெரிய வேண்டும். வெள்ளைத்தாளில் எச்சத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். தீவன மூட்டை லேபிள், ஏற்கெனவே கொடுத்த மருந்தின் அட்டை ஆகியவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

போனின் குறிப்புப் பகுதியில் ஐந்து விவரம் எழுதுங்கள்: குஞ்சின் வயது, எங்கே எப்போது வாங்கியது, மொத்தம் எத்தனை, எத்தனை சோர்வு எத்தனை சாவு, என்ன தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது. இந்த ஐந்தும் கையில் இருந்தால் டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். போக முடியாத நிலையில் 1962 என்ற கட்டணமில்லா கால்நடை உதவி எண்ணை அழைத்து வழி கேளுங்கள். ஆலோசனைக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணிலும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், இதற்கும் கட்டணம் இல்லை.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்காமல் அன்றே தகவல் சொல்லுங்கள்: ஒரே நாளில் பல குஞ்சுகள் சாவது, எச்சத்தில் ரத்தம், கழுத்து முறுக்கு, வாய் திறந்து மூச்சு வாங்குவது, கொண்டை நீலமாவது, முகம் வீங்குவது. திடீரென்று கூட்டமாகச் செத்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது அறுக்கவோ சமைக்கவோ கூடாது, வெறும் கையால் தொடவும் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

செத்த குஞ்சை என்ன செய்வது?

வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாதீர்கள். நாய் இழுத்துப் போய் ஊரெல்லாம் பரப்பிவிடும். என்ன நோய் என்று தெரிய வேண்டுமானால் செத்த குஞ்சுதான் நல்ல சாட்சி. டாக்டரிடம் முதலில் போனில் கேளுங்கள். கொண்டுவரச் சொன்னால் கையுறை போட்டு எடுத்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். பிரீசரில் உறைய வைக்க வேண்டாம். மற்றவற்றை வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

இன்னொன்று. "போறதுக்குள்ள வித்துடலாம்" என்று சோர்ந்த கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவது வழக்கமாகவே இருக்கிறது. நூறு இருநூறு ரூபாய் மிஞ்சும். ஆனால் அந்த ஒரு கோழி சந்தைக்கு வந்த பத்து ஊருக்கும் நோயைக் கொடுத்து அனுப்பும். அடுத்த முறை நீங்கள் அதே சந்தையில்தான் குஞ்சு வாங்கப் போகிறீர்கள்.

அடுத்த முறை வராமல் இருக்க

குஞ்சு வாங்கும்போதே என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்று கேட்டு, தேதியை எழுதி வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி என்பது பொதுவான முறை. இடையில் போட வேண்டியதை டாக்டர் சொல்வார். தேதியைப் போனில் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை கிராமங்களில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. முகாம் நாளை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சோர்வாக உள்ள குஞ்சுக்குத் தடுப்பூசி போட வேண்டாம், தெளிந்த பிறகு போடலாம்.

புதிதாக வந்த கோழி எதுவானாலும் மூன்று வாரம் தனியே வைத்துவிட்டு, பிறகே பழைய கோழிகளோடு சேருங்கள். நான்கு வாரம் வரை ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி, அதன்பின் எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி இடம் கொடுங்கள். உமியைத் தினமும் கிளறி உலர்வாக வையுங்கள். தண்ணீர்க் குவளையைத் தினமும் கழுவி வெயிலில் காயவையுங்கள். ரத்தக்கழிச்சல் கிருமியைச் சாதாரண கிருமிநாசினி எளிதில் கொல்லாது, உலர்வுதான் அதற்கு எதிரி.

தினமும் காலையில் கூண்டைத் திறந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தீவனத்துக்கு ஓடி வராத குஞ்சு எது, தனியே ஒதுங்கி நிற்பது எது என்று தெரிந்துவிடும். அதை அன்றே பிரித்து, சூடும் தண்ணீரும் கொடுத்து, தெளியாவிட்டால் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.