வயிற்றுவலியாக வரும் துயரம்

மனம் நொந்த குழந்தை அதைப் பெரும்பாலும் உடலால்தான் சொல்கிறது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, காரணமில்லாத எரிச்சல், நேற்றுவரை பிடித்த விளையாட்டில் இன்று நாட்டமின்மை. உணர்ச்சியை எழுப்பும் மூளைப் பகுதிகள் சிறுவயதிலேயே விழிப்பாக இருக்க, அதை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதி முதிர இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. ஆகவே இந்த அறிகுறிகளைப் பிடிவாதம் என்று அடக்குவது தவறு. 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது.

கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் இந்தத் துயரத்தோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு (இன்றைய தமிழ்நாடு) போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை ஊரான களியக்காவிளைக்கு இப்பால், கேரளப் பக்கத்தில், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. கணக்கை எந்த மொழியிலும் போடலாம். அச்சத்தையும் அவமானத்தையும் சொல்ல வீட்டு மொழியே எளிது. கேரளத்தில் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அரசுப் பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்தியுள்ளது. எல்லையோரப் பள்ளிக்கு வருபவர் இரு மொழியும் அறிந்தவராக இருப்பது அவசியம்.

இவர்கள் தரும் கவுன்சிலிங் என்பது புத்திமதி அல்ல. முதல் சந்திப்புகளில் ஆலோசகர் அதிகம் கேள்வி கேட்பதில்லை. சிறு குழந்தைக்குப் படம் வரைதலும் பொம்மை விளையாட்டுமே பேச்சு. சற்று வளர்ந்த பிள்ளை, மனதில் ஓடிய நினைப்பு, அதனால் எழுந்த உணர்ச்சி, உடலில் தெரிந்த மாற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் பழகுகிறது. பயத்தைத் தவிர்த்தால் அது வளரும். சிறுசிறு படியாக எதிர்கொண்டால் தணியும். பெற்றோரும் ஆசிரியரும் உடன் மாறாவிட்டால் இந்தப் பயிற்சி அறைக்குள்ளேயே நின்றுவிடும்.

குழந்தை சொன்னது ரகசியமாகக் காக்கப்படும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ரகசியக் காப்பு தளரும். பாலியல் வன்கொடுமை தெரியவந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். இதைத் தொடக்கத்திலேயே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் குலைந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவை (14416) தமிழிலும் மலையாளத்திலும் இலவசமாக ஆலோசனை தருகிறது. சாவைப் பற்றி ஒரு பிள்ளை பேசினால் நேராகக் கேட்டுவிடலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அன்று அப்பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே உதவி தேட வேண்டும்.