‘இப்போ பரவாயில்லை சார்’: இந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண்?

ஆட்டிசம் உள்ளவர்களும் சேரக்கூடிய நிரமயா மருத்துவக் காப்பீட்டின் ஆண்டு மார்ச் 31-உடன் முடிகிறது. அதில் சேர மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: “பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு ஊருக்கே தெரியும். சான்றிதழை மட்டும் ஏன் மறுத்தார்கள்?”

சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. எனும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால்தான் ஆட்டிசம், 40 சதவீதக் குறைபாடு. இது அறிவியல் முறைப்படியான அளவீடு என்கிறது அரசுத் தரப்பு. குழந்தையை நேரில் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால், வீட்டில் நடப்பது அந்த அறைக்குள் தெரியாது. அதற்கு அம்மாவின் வாய்ச்சொல்தான் ஆதாரம்.

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குக்கர் விசில் அடித்தால் மகன் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவானாம். மூன்று வருடமாக அவர் வீட்டில் குக்கரே இல்லை, பானையில்தான் சோறு வடிக்கிறார். சட்னியைப் பக்கத்து வீட்டு மிக்ஸியில் அரைத்து எடுத்து வருகிறார். மருத்துவமனையில் கேட்டபோது, “இப்போ பரவாயில்லை சார்” என்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சத்தத்துக்கான கேள்வியிலும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய கேள்வியிலும் மதிப்பெண் இறங்கிவிட்டது. தாய் சுமந்ததெல்லாம் தாளில் பிள்ளையின் முன்னேற்றமாக ஏறியது.

இப்படிப் பத்துக் கேள்விகளில் தலா ஒரு மதிப்பெண் போனால் 75 என்பது 65 ஆகும். 75-க்கு 50 சதவீதம்; அதற்கு உரிய பிள்ளைக்கு 65-இல் சான்றிதழே கிடையாது. என்னை உறுத்துவது இந்தக் கணக்குதான். போதாததற்கு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்ல எத்தனை மருமகள்களால் முடியும்?

பெற்றோருக்கு நான் சொல்வது: கூட்டிச் சொல்ல வேண்டாம். பிள்ளை செய்வதோடு, பிள்ளைக்காக நீங்கள் விட்டுவிட்டதையும் சொல்லுங்கள். “நான் இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

கடிதங்களில் வந்த வேறு சில கேள்விகள். நிரமயாவில் எவ்வளவு கிடைக்கும்? ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவும் உண்டு.

18 வயதுக்குப் பிறகு பிள்ளைக்காக யார் கையெழுத்திடுவது? ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டப் பாதுகாவலராக விண்ணப்பியுங்கள்.

சான்றிதழை மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு வேண்டும்.