ஆசாரியா, கடையா?

போன வாரம் ஆம்ப்ளிஃபயரை முடித்தோம். இனி ஸ்பீக்கர். ரெடிமேடாக வாங்குவதா, ரிச்சி தெருவில் ஊஃபரும் ட்வீட்டரும் வாங்கி வந்து ஆசாரியிடம் பெட்டி அடிக்கச் சொல்வதா?

காசு மிச்சமாகும் என்ற ஆசையில் இறங்குவதானால், வேண்டாம். ஒரு காலத்தில் அது நியாயமான காரணம்தான். நம் ஊர் டீக்கடைகளில் பாடிய அசெம்பிள் செட்டுகள் அப்படிப் பிறந்தவை. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், ஸ்பீக்கரை விற்றதோடு பெட்டி செய்யும் விதத்தையும் புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். இன்று தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் அறுத்து ஒட்டும் சின்னப் பெட்டியோடு, ஒரே ஒரு ஜோடிக்காகப் பலகை வாங்கிக் கூலியும் கொடுக்கும் நாம் விலையில் போட்டி போட முடியாது.

பிறகு ஏன் செய்ய வேண்டும்? ஹாஃப்மனின் இரும்பு விதிக்காக. அமெரிக்காவின் கேஎல்ஹெச் நிறுவனப் பெயரில் கடைசி எழுத்து இவருடையது. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்ஸிலேயே உரக்கப் பாடும் திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும் என்கிறது விதி. 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கரை, அதன் திறன் குறையாமல் 40-க்கு இறக்கப் பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். பெரிய பெட்டி ஹாலில் இடத்தை அடைக்கும், லாரி வாடகையும் ஏறும். அதனால் கம்பெனிகள் பெரும்பாலும் பெட்டியைச் சுருக்கி, திறனை விட்டுக்கொடுக்கின்றன. 95 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 85 டெசிபல் ஸ்பீக்கரில் கேட்கப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. மூலையில் இடமும் வீட்டில் அனுமதியும் இருந்தால் போதும். (இரண்டாவதுதான் கஷ்டம்.)

பெட்டிக் கணக்கு இன்று சுலபம். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் அதை எழுதினார். 1971-இல் அமெரிக்க இதழொன்று மறுபடி அச்சிட்ட பிறகே உலகம் கவனித்தது. ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். ஊஃபரின் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்ற மூன்று எண்கள் தெரிந்தால் பெட்டி அளவு வந்துவிடும். ‘100 வாட்ஸ்’ ஸ்டிக்கரைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊஃபரை வாங்காதீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம், ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர். எல்லா ஸ்பீக்கருக்கும் பொருந்தும் என்று விற்கும் ரெடிமேட் போர்டு, ஊஃபர் எப்போதும் 8 ஓம் என்று நம்பிச் செய்தது. உண்மையில் ஓம் அளவு அலைவெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். முன்பலகையின் அகலம்கூட ஒலியை மாற்றும். மைக் வைத்து அளந்து பார்க்கப் பொறுமை இல்லாதவர், தேர்ந்தவர்கள் வெளியிட்ட வரைபடம் ஒன்றை ஒரு காயில்கூட மாற்றாமல் அப்படியே செய்யலாம், இல்லையென்றால் வாங்கிவிடலாம்.

முதல்முறை இறங்குபவருக்கு என் யோசனை: சின்ன ஜோடியைக் கடையில் வாங்குங்கள். சப்ஊஃபரை மட்டும் நீங்களே செய்யுங்கள். அங்கே பிரிக்கும் வேலையை ஆம்ப் பார்த்துக்கொள்ளும், இரும்பு விதியின் பலனும் முழுதாகக் கிடைக்கும்.

ஆசாரியிடம் உள் அளவைச் சொல்லுங்கள். 40, 35, 36 செ.மீ. என்று வெளி அளவைச் சொன்னால் 50 லிட்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், 18 மி.மீ. பலகை போக உள்ளே மிஞ்சுவது 37 லிட்டர்தான். ஊஃபரின் காந்தமும் அதில் பங்கு கேட்கும். போர்ட் குழாயை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.