ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால்

இயங்குதளத்தின் அடித்தளம் – 14

கோவில்பட்டி வட்டாரத்தில் இன்று கணினி ஓடாமல் சரக்கு நகராது. தீப்பெட்டி ஆபீசில் இருந்து லாரி கிளம்ப வேண்டுமென்றால் இ-வே பில் வேண்டும். இடைசெவல், நாலாட்டின்புத்தூர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வருமானச் சான்றும் சாதிச் சான்றும் பெரும்பாலும் இ-சேவை மையத்தின் வழியாகவே வருகின்றன. இப்படிப்பட்ட இடத்தில், நெட் இணைப்பு வந்த சற்று நேரத்தில் ஒரு கணினி நீலத் திரை காட்டி விழுகிறது. எழுந்து மறுபடியும் விழுகிறது. உடனே சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: ஃபார்மேட் அடித்துவிடலாம். இந்த வைத்தியம் நோயை அப்படியே விட்டுவிட்டு, நோய் இன்னதென்று காட்டக்கூடிய சாட்சியத்தை அழித்துவிடுகிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

வலையமைப்பு சார்ந்த பழுது ஏன் கணினியையே சாய்க்கிறது? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எடுத்துக்கொள்வோம். ஒரு செயலிக்காகக் கெர்னல் வேலை செய்யும்போது தவறு நேர்ந்தால், பெரும்பாலும் அந்தச் செயலியை மட்டும் கொன்றுவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து ஓட்டப் பார்க்கும். வெளியிலிருந்து வரும் தரவுத் துண்டான பேக்கெட் அப்படி யாருடைய கணக்கிலும் வருவதில்லை. நெட்வொர்க் கார்டு குறுக்கிட்டுக் கூப்பிட, கெர்னல் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கிறது. அந்த நேரத்தில் தவறு நேர்ந்தால் பழி போட்டுக் கொல்வதற்குத் தனியாக ஒரு செயலி இல்லை. கெர்னல் முழுவதுமாக நின்றுவிடுகிறது. குழம்பிய நினைவகத்தை நம்பி வட்டில் எழுதினால் இருக்கும் தரவும் கெடலாம் என்பதால், கடைசி வரிகள் பதிவேட்டில் ஏறாமலே போகின்றன. செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோல் வசதி இருக்கிறது. ஆனால் அதுவும் அதே நெட்வொர்க் கார்டு வழியாகத்தான் போக வேண்டும். விழுந்தது அந்தக் கார்டின் டிரைவராக இருந்தால் அதை நம்ப முடியாது. ஆகவே சாட்சியத்தைக் காக்கும் ஏற்பாடு கணினி விழுவதற்கு முன்பே இருக்க வேண்டும். லினக்ஸில் கேடம்ப் அதைச் செய்கிறது: கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கி வைத்து, முதல் கெர்னல் செத்ததும் அங்கே இரண்டாவது கெர்னலை எழுப்பி, பழைய நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கிறது. விண்டோஸில் மினிடம்ப் என்ற கோப்புறையில் சிறு கோப்பாக அது பெரும்பாலும் தானாகவே சேர்கிறது. ஃபார்மேட் அடித்தால் முதலில் போவது அந்தக் கோப்புதான்.

ஃபார்மேட் நோயைத் தொடாது என்பதற்கு, 2019 ஜூனில் நெட்பிளிக்ஸ் பொறியாளர் ஜோனதன் லூனி கண்டறிந்து வெளியிட்ட சாக் பேனிக் என்ற பழுதைப் பாருங்கள். அனுப்பிய துண்டுகளில் எவையெவை வந்து சேர்ந்தன என்று பெறுபவர் தெரிவிப்பதற்கான வசதி சாக். வந்து சேர்ந்ததாகத் தெரிந்த துண்டுகளை லினக்ஸ் ஒரே கட்டாக இணைத்துக்கொள்ளும். ஒரு கட்டில் 17 பகுதிகள், ஒவ்வொன்றும் 32 கிலோபைட் வரை; மொத்தம் 5,57,056 பைட். எதிர்முனை வேண்டுமென்றே துண்டின் அளவை 48 பைட்டாகக் குறைத்தால், அதில் 40 பைட் வரை கூடுதல் தலைப்பு விவரங்களுக்குப் போய்விடும். தரவுக்கு மிஞ்சுவது 8 பைட். வகுத்தால் 69,632 துண்டுகள். அவற்றை எண்ணி வைக்கும் இடமோ 65,535 வரைதான் தாங்கும். எண்ணிக்கை வழிந்ததும் கெர்னல் தன் கணக்கு பொருந்தாததைக் கண்டு நின்றுவிடும். 2009இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து பத்தாண்டுகள் இந்தப் பழுது உள்ளே உறங்கியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஒருவர் எத்தனை முறை ஃபார்மேட் அடித்து அதே கெர்னலை ஏற்றியிருந்தாலும், அதே பேக்கெட்டுகள் வந்தால் அதே இடத்தில்தான் விழுந்திருக்கும். திருத்தம் போடும்வரை சாக் வசதியை அணைத்து வைத்தாலே போதுமானதாக இருந்தது. பழுது எதில் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தச் சிறிய மருந்து கிடைக்கும். விண்டோஸும் விலக்கல்ல: 2020 அக்டோபரில் திருத்தப்பட்ட ஒரு பழுதில், தவறாக அமைக்கப்பட்ட ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பு ஒன்றே நீலத் திரைக்குப் போதுமானதாக இருந்தது.

திரையில் நெட்வொர்க் பகுதியின் பெயர் வந்துவிட்டால் குற்றவாளி அதுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால் வீட்டுச் சுவரில் விரிசல் விழுகிறது. விரிசல் ஜன்னல் மூலையில் தெரிந்தாலும் காரணம் அடிமண்ணில் இருக்கிறது. கெர்னல் காட்டும் பெயரும் அப்படித்தான். அது விழுந்த இடம், தள்ளிவிட்டவர் வேறாக இருக்கலாம். இன்னொரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்திருக்கலாம், ரேம் பழுதாகியிருக்கலாம். இதனால்தான் ஒரு கோப்பு போதாது, பலவற்றை ஒப்பிட வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த நிரலையோ டிரைவரையோ சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் ரேமையும் மின்வழங்கியையும் முதலில் சோதிக்க வேண்டும். நெட் கேபிளைப் பிடுங்கியபின் விழாமல் ஓடுகிறதா, கார்டை மாற்றினால் நிற்கிறதா என்பவையும் சாட்சியங்களே. ஃபார்மேட் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது.

லாரி வாசலில் நிற்கும்போது ஆராய்ச்சிக்கு ஏது நேரம் என்பது அடுத்த மறுப்பு. அவசரம் உண்மைதான். ஆனால் மினிடம்ப் கோப்புகளைப் பென்டிரைவில் எடுக்கவும், திரையைக் கைப்பேசியில் படம் பிடிக்கவும் சில நிமிடங்கள் போதும். அதன்பின் வேறு கணினியில் பில் போடுங்கள். வேறு வழியில்லை என்றால் ஃபார்மேட்டும் அடியுங்கள். எல்லாவற்றையும் அப்டேட் செய்தால் தீராதா என்பவர்களுக்கும் பதில் உண்டு. அப்டேட் அவசியம், சாக் பேனிக்கைத் தீர்த்ததும் அதுவே. ஆனால் பழுதான ரேமை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. இன்ன நிரலில் இன்ன பழுது என்று யாரோ ஒருவர் காட்டிய பிறகுதான் திருத்தமே எழுதப்படுகிறது.

அந்த யாரோ ஒருவர் நம் ஊர்க்காரராக ஏன் இருக்கக் கூடாது? 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்து மாணவர்கள் கைக்கு வந்தது. அதன் கெர்னல் எவரும் திறந்து படிக்கக்கூடியது. கணினி பழுது பார்க்கும் நம் இளைஞர்களுக்குக் குறைவது அறிவன்று, சாட்சியத்தைச் சேர்க்கும் பழக்கம். ஒவ்வொரு பழுதுக்கும் தேதி, விழுந்த நேரம், காட்டிய பெயர், கெர்னல் அல்லது டிரைவரின் பதிப்பு, கடைசியாக மாற்றிய பொருள் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்துப் பழுதுகள் சேர்ந்தபின் அந்த நோட்டைப் புரட்டினால், ஃபார்மேட் தேவைப்பட்டவை எவை, தேவைப்படாதவை எவை என்பதை அதுவே சொல்லும்.

(அடுத்த வாரம்: டம்ப் கோப்பைத் திறந்து படிப்பது எப்படி?)