மோதிவிட்டு மறைந்த வண்டி

நமது சங்கத்துப் பொங்கல் விழாக்களில் பந்திக்கு இட்லி அவித்துத் தந்த அன்பரை நாகபுரித் தமிழர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே சிறிய உணவுக்கடை வைத்திருந்தார். 2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் விடியுமுன், காய்கறி வாங்குவதற்காகச் சைக்கிளில் புறப்பட்டவரை நகருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு வண்டி மோதிவிட்டுச் சென்றுவிட்டது. லாரியா, காரா என்று சொல்வதற்குக்கூடச் சாட்சி இல்லை. பால் கொண்டுவந்த ஒருவர் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பித்தபோது உயிர் பிரிந்திருந்தது.

துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவருடைய மனைவியார் கேட்டார்: "தம்பி, இடிச்சவன் நின்னிருந்தா அவன் மேலே கேஸ் போடலாம்னு சொல்றாங்க. ஓடிப்போனவனை எங்கே தேடறது? பேர் இல்லாதவன் மேலே கேஸ் உண்டா?"

பன்னிரண்டு ஆண்டுகளாக ரயில்வே காரியாலயத்தில் விதிப் புத்தகங்களைப் புரட்டி வருபவன் நான். எனினும் அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்க்கலாம், அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதிலைத் தேடிக் கண்டுகொள்வதற்குள் ஆறு மாதங்கள் கழிந்துவிட்டன. மற்றொரு குடும்பம் அவ்வாறு காலத்தை இழக்க வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்லேன். மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறியவன். ஆகையால் சட்டத்தில் எனக்கு விளங்கியதை விளங்கியவாறே சொல்லுகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமையைக் கூறுகிறது. தம் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் ஒருவர் காயமுற்றால், அவருக்கு வைத்திய உதவி கிடைக்க ஓட்டுநர் நியாயமான முயற்சிகள் யாவும் செய்தல் வேண்டும். அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தல் வேண்டும். அங்கே பணியிலுள்ள டாக்டர், எந்தச் சடங்குக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டவர். போலீஸ் அதிகாரி எவரும் அவ்விடத்தில் இல்லையாயின், இயன்ற அளவு விரைவாக, எப்படியும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைத் தெரிவித்துவிட வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தவறு யாருடையது என்பது பின்னால் விசாரணையில் முடிவாவது. தவறில்லாதவருக்கும் இக்கடமை உண்டு.

ரயில்வேயில் இது பழைய வழக்கம். தண்டவாளத்தில் எவரேனும் அடிபட்டால் எஞ்சின் ஓட்டுநர் நிலைய அதிபருக்குத் தெரிவிக்கிறார். நிலைய அதிபர் ரயில்வே போலீசாருக்கு மெமோ அனுப்புகிறார். சொல்லிவிட்டார் என்பதற்காக ஓட்டுநரைக் குற்றவாளி என்று எவரும் கொள்வதில்லை. சாலையில் மட்டும் சொல்லுவதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று ஏனோ எண்ணிவிட்டோம்.

ஓட்டுநர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை நமது நாகபுரி வழியாகவே செல்லுகிறது. சேலத்தையும் நாமக்கல்லையும் தொடுவது அதே சாலைதான். ஆகையால் நம் பக்கத்து லாரிகளை இங்கே தாபாக்களில் எந்நேரமும் காணலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் ஓட்டுநர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நிக்கணும்னுதான் சார் மனசு சொல்லும். பாஷை தெரியாத ஊருல பத்துப் பேர் சுத்தி நின்னா நான் சொல்றது யாருக்கு விளங்கும்? அடிச்சே கொன்னுடுவாங்க சார்."

அவர் அச்சம் பொய்யன்று. வியப்பு என்னவெனில், சட்டம் இயற்றியவர்களும் அதை அறிந்திருந்தார்கள். ஜனக்கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தம் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ இயலாது போனால், காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லாதது குற்றமாகாது என்று அதே 134-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. உயிருக்கு அஞ்சி அவ்விடத்தைவிட்டு அகன்றவர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று, உதவ இயலாது போன காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தகவல் தந்தால் அடிபட்டவருக்கும் உதவி வந்து சேரும். அகல்வது வேறு, மறைவது வேறு. இதைக் கேட்ட அந்த ஓட்டுநர், "இப்படி ஒண்ணு இருக்குன்னு லைசென்ஸ் குடுக்கறப்போ ஒருத்தரும் சொல்லலையே!" என்றார்.

மறைவதால் அவருக்கு லாபந்தான் உண்டா? ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம். வண்டி இன்னதென்று தெரிந்தால், பாலிசி செல்லுபடியாக இருக்கும்வரை, நஷ்ட ஈட்டைக் கொடுப்பது கம்பெனியேயன்றி ஓட்டுநர் அல்லர். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பெறலாம் என்கிறது 164-ஆம் பிரிவு. தவறை நிரூபித்தால் இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டு டிரிப்யூனல் அதற்கு மேலும் அளிக்கும். நின்று தகவல் கொடாதவருக்கு 187-ஆம் பிரிவின்படி ஆறு மாதச் சிறையோ, ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அபராதம் ஐந்நூறு ரூபாயாகவே இருந்தது.

கவனமின்றி வண்டியோட்டி மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்பவருக்குப் பத்தாண்டுவரை சிறை என்று பாரதீய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறியது. அதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் லாரி ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வேலைநிறுத்தம் செய்ததும், பெட்ரோல் பங்குகளில் நாம் வரிசையில் நின்றதும் நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் சர்க்கார் நிறுத்திவைத்தது. பத்தாண்டு என்ற மிரட்டலால் ஓடுபவன் நிற்பானா, இன்னும் வேகமாக ஓடுவானா? எனக்கு இரண்டாவதே தோன்றுகிறது.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பெயரில்லாதவன்மேல் வழக்கு இல்லை. ஆனால் வண்டி கண்டுபிடிக்கப்படாத விபத்துக்கென்றே ஒரு நிதி உண்டு. 1982-இல் தொடங்கியபோது மரணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் என்று இருந்தது. பின்னர் எட்டாயிரத்து ஐந்நூறாகவும், 1994-இல் இருபத்தையாயிரமாகவும் உயர்ந்து, நெடுங்காலம் அப்படியே நின்றது. 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம்.

இதை அறிந்தவர் எத்தனை பேர்? 2022-ஆம் ஆண்டில் நாட்டில் மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23-இல் இந்த நிதிக்கு வந்த விண்ணப்பங்களோ 205. பணம் வழங்கப்பட்டவை 95. இக்கணக்கு சுப்ரீம் கோர்ட்டின் பார்வைக்கு வந்தது, கோயம்புத்தூர் எலும்புச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில். 2024 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவிட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க இயலாவிட்டால், இன்ன திட்டத்தின்கீழ் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று போலீஸ் அதிகாரியே குடும்பத்தாருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பத்திரிகையில் அச்செய்தியைக் கண்ட அன்று மாலையே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

விண்ணப்பத்தை விபத்து நடந்த தாலூகாவின் விசாரணை அதிகாரியிடம், அதாவது தாசில்தார் போன்றவரிடம், கொடுக்க வேண்டும். சொந்த ஊரில் அன்று. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மரணச் சான்று, இறந்தவர், விண்ணப்பிப்பவர் இருவரின் அடையாளச் சான்று, பாங்கிப் புத்தகத்தின் நகல் ஆகியவை வேண்டும். பிறகு வண்டி அகப்பட்டு வேறு நஷ்ட ஈடு கிடைத்தால் இதைத் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழியும் உண்டு. நாங்கள் சென்ற காரியாலயத்தில், "அப்படி ஒரு படிவமே கிடையாது" என்று குமாஸ்தா கையை விரித்தார். நானும் குமாஸ்தாவாகையால் அந்தப் பதிலின் பொருள் எனக்கு நன்கு தெரியும். மறுநாள் படிவத்தை அச்சிட்டுக் கொண்டுபோய், ரசீது எழுதித் தந்தாலொழிய நகர்வதில்லை என்று உட்கார்ந்துகொண்டோம். விதிப்படி இரண்டு மாதங்களில் முடிய வேண்டியது ஏழு மாதம் பிடித்தது, பணம் வந்தது. மூத்த மகளின் நர்ஸிங் படிப்புக்கு அதிலிருந்துதான் கட்டணம் செலுத்தினார்கள். கடையை இப்போது அக்காவே நடத்துகிறார்.

அன்றந்தப் பால்காரர் போலீசுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தால் உடல் இன்னும் எத்தனை நாழிகை சாலையில் கிடந்திருக்குமோ. அவ்வாறு உதவுபவரைப் பெயரும் விலாசமும் சொல்லுமாறு வற்புறுத்துதல் கூடாது என்பது இன்று விதி. 134-அ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 2025 மே முதல், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் பெறவும் இடமுண்டு. மோதிய வண்டி அகப்படாவிட்டாலும் இது கிடைக்கும்.

விண்ணப்பப் படிவங்கள் சில சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். முதல் தகவல் அறிக்கை மராத்தியில் இருந்து, வாசித்துப் பொருள் சொல்ல ஆள் வேண்டுவோர், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் அங்கே வரலாம்.